மைகேரியர்ஸ்ஃபியூச்சர்: பயோடெக்கில் முதல் வேலைக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

மதிப்பீடு: ஐந்துக்கு மூன்றரை. சிங்கப்பூர் அரசாங்கத்தின் இந்த வேலைவாய்ப்புத் தளம் சம்பளத்தை மறைக்காமல் காட்டுகிறது, அதற்கு முழு மதிப்பெண். அந்தச் சம்பளத்துக்கு என்ன வேலை செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதில்தான் சறுக்குகிறது. தவறு தளத்தினுடையது மட்டும் அல்ல. விளம்பரம் கொடுக்கும் நிறுவனங்கள் ஆலைக்குள் புழங்கும் பதவிப் பெயர்களைப் போடுகின்றன. பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ வருகிறவர் தான் படித்த பாடத்தின் பெயரைத் தட்டித் தேடுகிறார். தமக்குப் பொருந்தும் வேலை அதே தளத்தில் இருந்தும் பலர் கண்ணில் படாமல் போவது இதனால்தான்.

2018ல் தொடங்கிய அரசாங்கத் தளம் இது. உள்ளூர்வாசிகளுக்காக, அதாவது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அமைத்தது. தேடிப் பார்க்க எந்தக் கணக்கும் வேண்டாம், விண்ணப்பிக்க சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) வேண்டும். கட்டணம் இல்லை. ஒவ்வொரு விளம்பரத்திலும் சம்பள வரம்பு, போட்ட தேதி, முடியும் தேதி, இதுவரை எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்பதெல்லாம் தெரியும். 'கவர்ச்சியான சம்பளம்' என்று மழுப்புகிற தனியார் தளங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய விஷயம்.

ஒரு விளம்பரம் ஏன் அங்கே இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வெளிநாட்டவரை எடுக்க நினைக்கும் நிறுவனம், முதலில் இந்தத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் செய்திருக்க வேண்டும் என்பது விதி. (2020 அக்டோபரிலிருந்து 2023 ஆகஸ்ட் வரை அது 28 நாளாக இருந்தது.) பத்துப் பேருக்கும் குறைவான நிறுவனங்களுக்கும், மாதம் 22,500 வெள்ளியோ அதற்கு மேலோ தரும் பதவிகளுக்கும் விலக்கு உண்டு. ஆகவே சில விளம்பரங்கள் ஆள் தேடுவதற்கு, சில விதிக்காக என்ற சந்தேகம் எல்லோருக்கும் உண்டு. ஆரம்பநிலை வேலைகளில் இந்தச் சந்தேகத்தைச் சம்பளமே ஓரளவு தீர்த்துவிடும். 2025 செப்டம்பரிலிருந்து எஸ் பாஸுக்குத் தேவையான குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி, எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு அதே ஆண்டு ஜனவரியிலிருந்து 5,600. உச்ச வரம்பே 3,000 என்று இருக்கும் விளம்பரம் இந்த இரண்டு அனுமதிக்கும் எட்டாது, நம்பி விண்ணப்பிக்கலாம். மாறாக, 'புதியவர்' என்று வகைப்படுத்திவிட்டு 5,600க்கு மேல் சம்பளமும், ஒரே ஒரு ஆளின் சுயவிவரத்தைப் பார்த்து எழுதியது போன்ற தகுதிப் பட்டியலும் இருந்தால், விண்ணப்பியுங்கள், ஆனால் அதையே நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

எந்தச் சொல்லைத் தட்டுவது

'பயோடெக்னாலஜி' என்று தேடினால் கலவையாக வரும்: ரசாயன விற்பனை, டியூஷன் நிலையம், ஆய்வகக் கருவிப் பராமரிப்பு. தேட வேண்டியவை 'மேனுஃபேக்சரிங் அசோசியேட்', 'மேனுஃபேக்சரிங் டெக்னீஷியன்', 'க்யூசி அனலிஸ்ட்' (தரப் பரிசோதனை), 'மைக்ரோபயாலஜி', 'க்யூஏ அசோசியேட்' (தர உறுதி), 'அப்ஸ்ட்ரீம்', 'டவுன்ஸ்ட்ரீம்', 'ஜிஎம்பி' (மருந்து உற்பத்தித் தர விதிமுறை) ஆகியவை. தேடும் மொழி ஆங்கிலம்தான். உச்சரிப்பை இங்கே தமிழில் எழுதியிருக்கிறோம், அவ்வளவே. துறை வடிகட்டியில் அறிவியல், ஆய்வகம் என்ற பிரிவோடு நிற்காமல் உற்பத்தி, மருந்து, பொறியியல் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். உயிரியல் ஆலையின் உற்பத்தி வேலைகள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கின்றன.

'பயோடெக்னாலஜிஸ்ட்' என்ற பெயரைப் பார்த்து ஆராய்ச்சி வேலை என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. துவாஸில் சில ஆலைகளில் அது உற்பத்தித் தளத்தில் ஷிஃப்டில் நிற்கும் வேலையின் பெயர். நல்ல வேலை, ஆனால் பைப்பெட்டும் ஆய்வுக் கட்டுரையும் எதிர்பார்த்துப் போனால் இரண்டே மாதத்தில் வெறுத்துவிடும்.

அந்த வேலையில் உண்மையில் என்ன இருக்கிறது? உறைந்த செல் குப்பி ஒன்றை உருக்கி, ஷேக் ஃப்ளாஸ்க்கில் பெருக்கி, படிப்படியாகப் பெரிய பயோரியாக்டருக்கு (செல் வளர்க்கும் தொட்டிக்கு) மாற்றுவது அப்ஸ்ட்ரீம். ஆன்டிபாடி மருந்துகளுக்குப் பெரும்பாலும் சிஎச்ஓ (சீன வெள்ளெலிச் சூலக) செல்கள்தான். பிளாஸ்டிக் பை பொருத்திய ஒருமுறைப் பயன்பாட்டு ரியாக்டர் என்றால் 2,000 லிட்டர் வழக்கம், எஃகுத் தொட்டி என்றால் 10,000 லிட்டரைத் தாண்டும். கடைசி ரியாக்டரில் பத்து முதல் பதினான்கு நாள். அத்தனை நாளும் மாதிரி எடுப்பது, பிஎச், கரைந்த ஆக்ஸிஜன், குளுக்கோஸ் பார்ப்பது, ஊட்டக் கரைசல் சேர்ப்பது. எஃகு ஆலையில் இவற்றோடு தொட்டியைக் கழுவி 121 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தும் வேலையும் உண்டு; ஒரு ஷிஃப்டில் பெரும்பகுதி அதிலேயே போகும் நாள்களும் வரும். பை வைத்த ஆலையில் கழுவல் குறைவு, அதற்குப் பதிலாகக் குழாய் ஒட்டும் வேலை. ஒட்டு சரியாக விழாமல் கிருமி புகுந்தால் ரியாக்டரோடு மொத்தமும் போய்விடும். விளம்பரத்தில் 'கவனக்கூர்மை' என்று சாதாரணமாகப் போட்டிருப்பதன் பொருள் இதுதான்.

டவுன்ஸ்ட்ரீம் என்பது சுத்திகரிப்பு. புரோட்டீன் ஏ நிரல் (ஆன்டிபாடியைப் பிடித்து வைக்கும் குழாய்), குறைந்த பிஎச்சில் வைத்து வைரஸைச் செயலிழக்கச் செய்தல், அயனிப் பரிமாற்ற நிரல், வைரஸ் வடிகட்டி, செறிவூட்டல் என்ற வரிசையில் போகும். கரைசல் தயாரிப்புக்கு என்று தனிக் குழு வைக்கும் ஆலைகளும் உண்டு. புதியவர்களை அங்கே முதலில் போடுவது வழக்கம். உப்பு மூட்டை தூக்குவது, எடை போடுவது, கலக்குவது, பிஎச்சும் கடத்துதிறனும் பார்ப்பது. சலிப்பான இடம் என்று தோன்றும். ஆனால் பதிவேடு எழுதும் ஒழுங்கை இதைவிட வேகமாகக் கற்றுத்தரும் இடம் ஆலையில் இல்லை. நேர்முகத்தில் 'பஃபர் பிரெப்', அதாவது இந்தக் கரைசல் தயாரிப்பு, என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்.

மைக்ரோபயாலஜி க்யூசி: விளம்பரம் சொல்லாதது

டிப்ளோமா முடித்தவர்களுக்கு அதிகம் திறந்திருக்கும் கதவு இது. விளம்பரத்தில் 'சுற்றுச்சூழல் கண்காணிப்பு' என்ற ஒரு வரிதான் இருக்கும். (மரம் நடும் வேலை என்று நினைத்து விண்ணப்பித்தவர்களும் இருக்கக்கூடும்.) உண்மையில் அது சுத்த அறைகளுக்குள் போய்க் காற்றிலும் மேற்பரப்பிலும் ஆட்களின் உடையிலும் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது. ஏ, பி, சி, டி என நான்கு தரம். ஏ அறையில் எதுவும் முளைக்கக் கூடாது. பி அறையில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 10, சி அறையில் 100, டி அறையில் 200 என்பது ஐரோப்பிய விதிமுறையின் அதிகபட்ச அளவு. அந்த விதிமுறையின் முதல் இணைப்பின் திருத்தப்பட்ட வடிவம் 2023 ஆகஸ்ட் 25லிருந்து நடப்பில் இருக்கிறது. சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் 2000லிருந்தே பிஐசி/எஸ் (மருந்து ஆய்வு ஆணையங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு) உறுப்பு என்பதால் இங்கே ஆய்வுக்கு வருகிறவர்களும் ஏறத்தாழ இதே அளவுகோலைத்தான் வைத்திருப்பார்கள். நேர்முகத்தில் இந்த எண்களில் இரண்டைத் தயங்காமல் சொன்னாலே மற்றவர்களிடமிருந்து தனித்துத் தெரிவீர்கள்.

அன்றாடம் தவறுவது சின்ன விஷயங்களில். கிருமி வளர்க்கும் அகார் போட்ட 90 மில்லிமீட்டர் தட்டைத் திறந்து வைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். அதற்கு மேல் அகார் காய்ந்து, விழுந்த கிருமியும் முளைக்காது, முடிவு பொய்யாகச் சுத்தம் என்று காட்டும். பெயரை மூடியில் எழுதக் கூடாது, அடித்தட்டில் எழுத வேண்டும். மூடி மாறினால் மாதிரியும் மாறிவிடும். தொடுதட்டு 55 மில்லிமீட்டர், அழுத்தி எடுத்த பிறகு அந்த இடத்தில் ஒட்டிய அகாரைத் துடைக்காமல் வந்தால் நாமே கிருமிக்குச் சாப்பாடு போட்டதாகிவிடும். உடை அணியும் தேர்வில் பலர் தோற்பது முன்கையில். கையுறையை இழுக்கும்போது சட்டைக் கையின் வெளிப்பக்கத்தைத் தொட்டுவிடுவார்கள். பொதுவாக மூன்று முறை தொடர்ச்சியாகத் தேறினால்தான் தனியாக உள்ளே விடுவார்கள். அதுவரை வேலை வெளியேதான்: ஊடகத் தட்டு சரிபார்ப்பு, இன்குபேட்டர் வெப்பப் பதிவு, தண்ணீர் மாதிரி. ஊசி மருந்துத் தண்ணீரில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிருமிக்கு மேல் இருக்கக் கூடாது, எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) மில்லிலிட்டருக்கு 0.25 அலகு.

வேதியியல் க்யூசி என்றால் எச்பிஎல்சி (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி). அதற்குப் பட்டதாரிகளை விரும்புகிறார்கள், கருவியைக் கையாண்ட அனுபவத்தை மெய்யாகவே கேட்கிறார்கள். க்யூஏ அசோசியேட் மேசை வேலை; தொகுப்புப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்து, விலகல் அறிக்கைகளைத் துரத்துவது. ஷிஃப்ட் இல்லாததால் எல்லோரும் இதையே குறிவைக்கிறார்கள், ஆனால் உற்பத்தித் தளத்தையோ க்யூசியையோ பார்த்தவருக்கே இடம் எளிதில் கிடைக்கும். இரண்டு மூன்று வருடம் தளத்தில் நின்றுவிட்டு க்யூஏ, வேலிடேஷன் (செயல்முறைச் சரிபார்ப்பு), எம்சாட் (உற்பத்திக்கான தொழில்நுட்ப ஆதரவு) என்று நகர்வதுதான் வழக்கமான பாதை. எம்சாட் விளம்பரத்தில் 'புதியவர்' என்று பார்த்தால் பொறுப்புப் பட்டியலை இரண்டு முறை படியுங்கள்.

சம்பளக் கட்டத்தைப் படிப்பது

தளத்தின் பலம் இது என்று சொன்னோம். அதிலும் ஓட்டை உண்டு. காட்டுவது மொத்த மாதச் சம்பளம். ஷிஃப்ட் படி அதற்குள் அடங்குமா, வெளியேயா என்பதை விளம்பரத்தின் உடற்பகுதியில்தான் தேட வேண்டும், பல நேரம் அங்கேயும் இருக்காது. நேர்முகத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஆண்டுப் படியும் போனஸும் பல இடங்களில் அடிப்படையை வைத்தே கணக்காகும். 2,600 அடிப்படையும் 500 படியும், 3,100 அடிப்படையும் ஒன்றல்ல. மத்திய சேமநிதி இரண்டுக்கும் பிடிப்பார்கள். 55 வயதுக்குக் கீழே ஊழியர் பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17. ஆகவே 3,000 வெள்ளி வேலைக்குக் கையில் வருவது 2,400.

ஷிஃப்ட் பெரும்பாலும் 12 மணி நேரம். இரண்டு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு, மூன்று நாள் வேலை என்று சுழலும் முறையில் 14 நாளுக்கு 7 ஷிஃப்ட். சராசரி வாரத்துக்கு 42 மணி, இடைவேளையும் சேர்த்து. மாதத்தில் பாதி நாள் வீட்டில் என்பது கவர்ச்சிதான். ஆனால் அந்தப் பாதியில் ஒரு பங்கு இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கவே போகும், தீபாவளியும் பொங்கலும் சுழற்சி அட்டவணையைக் கேட்டு வருவதில்லை. பொது விடுமுறையில் ஆள் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது.

மிகைநேரப் பணம் குறித்து ஒரு எல்லைக் கோடு இருக்கிறது. வேலைச் சட்டத்தின் நான்காம் பகுதி, உடலுழைப்பு வேலையாள் என்றால் அடிப்படை 4,500 வெள்ளி வரை, மற்றவர்களுக்கு 2,600 வரைதான் பொருந்தும். அதன் கீழ் இருப்பவருக்கு மிகைநேரம் ஒன்றரை மடங்கு. மணிக்கணக்கு இப்படி வரும்: மாத அடிப்படையை 12 ஆல் பெருக்கி, 52 பெருக்கல் 44 ஆல் வகுக்க வேண்டும். 2,600க்கு மணிக்கு 13.60 வெள்ளி, மிகைநேரத்துக்கு 20.40. க்யூசி ஆய்வகத்தில் 2,700 அடிப்படையில் சேர்கிறவருக்குச் சட்டப்படி மிகைநேரம் கிடையாது, நிறுவனம் ஒப்பந்தத்தில் கொடுத்தால்தான் உண்டு. நூறு வெள்ளி கூடுதலாக வாங்கிக்கொண்டு மாதம் இருபது மணி நேரத்தை இலவசமாகக் கொடுக்கும் நிலை அப்படித்தான் வருகிறது.

இடத்தையும் பாருங்கள். ஆம்ஜென், லோன்சா, ஆப்வீ போன்றவை துவாஸில், டகேடா உட்லண்ட்ஸில். பயோபொலிஸ் என்றால் புவன விஸ்தா, அங்கே ஆய்வகங்கள்தான் அதிகம். துவாஸ் லிங்க் கிழக்கு-மேற்கு ரயில் தடத்தின் கடைசி நிலையம். அங்கிருந்தும் ஆலை வாசல் பக்கத்தில் இருக்கும் என்ற உறுதி இல்லை. நிறுவனப் பேருந்து எந்த எந்த வட்டாரத்தில் நிற்கும் என்ற கேள்வி, சம்பளக் கேள்விக்கு அடுத்தது. தெம்பனிஸிலோ பொங்கோலிலோ இருப்பவருக்கு 12 மணி ஷிஃப்ட் என்பது வாசலிலிருந்து வாசலுக்கு 15 மணி ஆகிவிடலாம்.

முகவர் விளம்பரங்கள்

தளத்தின் பெரிய எரிச்சல் இதுதான். ஒரே ஆலையின் ஒரே காலியிடம் மூன்று வேலை முகவர்கள் பெயரில் வெவ்வேறு தலைப்பில் வரும். 'முன்னணி உயிர்மருந்து நிறுவனம், துவாஸ், 12 மணி ஷிஃப்ட், ஓராண்டு ஒப்பந்தம்' என்று வரிக்கு வரி ஒத்துப்போனால் அது ஒரே வேலை என்று கொள்ளுங்கள். முகவரி முகவரின் நகர அலுவலகத்தைக் காட்டும், ஆலையை அல்ல. மூவருக்கும் விண்ணப்பித்தால் வாய்ப்பு மூன்று மடங்கு ஆகாது; ஒரே ஆளின் சுயவிவரம் இரண்டு முகவர் வழியாகப் போய்ச் சேர்ந்தால் யாருக்குக் கமிஷன் என்ற தகராறு வேண்டாம் என்று நிறுவனமே ஒதுக்கிவிடுவது உண்டு. ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். எந்த நிறுவனத்துக்கு அனுப்புகிறார் என்று பெயரைக் கேட்டு, எழுத்தில் ஒப்புதல் கொடுத்த பிறகு அனுப்பச் சொல்லுங்கள். முகவர் நிறுவனத்தின் உரிம எண்ணும் முகவருடைய பதிவு எண்ணும் விளம்பரத்தில் இருக்க வேண்டும். மனிதவள அமைச்சின் முகவர் பட்டியலில் சரிபார்க்கலாம். முன்பணம் கேட்டால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்த வேலை என்பதாலேயே ஒதுக்கிவிட வேண்டாம். ஜிஎம்பி ஆலைக்குள் ஓராண்டு நின்றது அடுத்த விளம்பரத்தின் 'ஓராண்டு அனுபவம்' என்ற கட்டத்தை நிரப்பும். நிரந்தரமாக்கியதுண்டா, ஆண்டுப் படி உண்டா, மருத்துவக் காப்பீடு யாருடையது என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுயவிவரமும் பொருத்த விழுக்காடும்

தளம் உங்கள் திறன்களை விளம்பரத்தோடு ஒப்பிட்டுப் பொருத்தம் காட்டும். அதற்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். அது சொற்களைத்தான் ஒப்பிடுகிறது. 'குழுவாகச் செயல்படுதல்' ஒத்துப்போனாலும் ஒத்துப்போனதுதான். ஆள் எடுப்பவர் தேடுவது அளவுகளை. 'செல் வளர்ப்பு தெரியும்' என்பதை யாரும் படிப்பதில்லை. 'சிஎச்ஓ செல்களை 125 மில்லிலிட்டர் ஷேக் ஃப்ளாஸ்க்கில் மில்லிலிட்டருக்கு மூன்று லட்சம் என்ற அடர்த்தியில் விதைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றி, டிரைபான் நீலத்தில் எண்ணியது' என்று எழுதினால் நேர்முகத்தில் அதைப் பற்றியே கேட்பார்கள், கேள்வி உங்கள் ஆடுகளத்தில் விழும். செய்யாததை எழுதிவிடாதீர்கள், இரண்டாவது கேள்வியில் பிடித்துவிடுவார்கள்.

பதிவேட்டில் தவறு நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி ஏறக்குறைய நிச்சயம். ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும், பழைய எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் சரியான மதிப்பு, சுருக்கொப்பம், தேதி, காரணம். திருத்தும் வெள்ளை மை என்று சொன்னவரின் நேர்முகம் அதோடு முடிந்தது.

இந்தத் தளத்தில் தேடிப் பயனில்லாதவை

ஆராய்ச்சி வேலைகளுக்கு இது சரியான சந்தை அல்ல. ஏ*ஸ்டார் (அரசாங்க ஆய்வு அமைப்பு), தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் ஆகியவற்றின் சொந்த வேலைப் பக்கங்களில்தான் ரிசர்ச் ஆஃபிசர், ரிசர்ச் அசிஸ்டன்ட் இடங்கள் முழுமையாக இருக்கும். பெரும்பாலும் மானியத்தோடு கட்டிய ஒப்பந்தம்; மானியம் எப்போது முடிகிறது என்று ஆய்வுத் தலைவரிடம் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. மருத்துவமனைகளின் கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர் வேலைக்கும் அந்தந்த மருத்துவமனைக் குழுமத்தின் பக்கத்துக்கே போங்கள். தமிழ் பேசத் தெரிந்திருந்தால், மூத்த நோயாளிகளிடம் ஒப்புதல் படிவத்தை விளக்கும் இந்த வேலையில் அது மெய்யாகவே உதவும்.

'கேரியர் கன்வர்ஷன் புரோகிராம்' என்ற வடிகட்டியைப் பார்த்து ஆசைப்படும் புதிய பட்டதாரிகளுக்கு: அது வேறு துறையிலிருந்து மாறுகிறவர்களுக்கானது. படிப்போ தேசிய சேவையோ, எது பிந்தியதோ அது முடிந்து இரண்டு ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். மாறாக, உணவு, ரசாயனம், செமிகண்டக்டர் துறைகளில் சில வருடம் இருந்தவர்களுக்கு இது நல்ல வழி. பயிற்சிக் காலச் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் நிறுவனத்துக்கு ஈடுகட்டுவதால் அனுபவம் இல்லாதவரை எடுக்கத் தயக்கம் குறைகிறது. செமிகண்டக்டர் சுத்த அறையில் ஷிஃப்ட் பார்த்தவரை உயிரியல் ஆலைகள் விரும்பி எடுப்பதும் உண்டு. உடை ஒழுங்கு ஏற்கெனவே பழகியிருக்கும், கிருமி என்ற புதிய எதிரியை மட்டும் அறிமுகப்படுத்தினால் போதும்.

தமிழ்நாட்டில் பி.டெக். பயோடெக் முடித்த தம்பி தங்கைக்கு இந்தத் தளத்தின் இணைப்பை அனுப்பும் உறவினர்கள் கவனிக்க: மேலே சொன்ன 3,000 வெள்ளி வேலைகள் எஸ் பாஸ் வரம்புக்கே எட்டாதவை. எட்டினாலும் உற்பத்தித் துறையில் எஸ் பாஸ் ஊழியர்கள் மொத்தத்தில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அந்தச் சொற்ப இடத்தை நிறுவனங்கள் புதியவருக்குச் செலவழிப்பது அரிது. ஊரிலேயே ஹைதராபாத்திலோ பெங்களூரிலோ ஒரு ஜிஎம்பி ஆலையில் மூன்று நான்கு வருடம் இருந்துவிட்டு முயல்வது ஒரு வழி. ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால் முனைவர் படிப்புக்கு வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே இருக்கும் 'சிங்கா' உதவித்தொகை இன்னொரு வழி. அதற்கு சிங்பாஸ் தேவையில்லை, விண்ணப்பத்தை அங்கிருந்தே போடலாம்.